பவுலடியாரின் கடிதங்களும் அவை பிறந்த உலகமும்



என் சிறு வயதில் எங்கள் வீட்டில் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகன், அதாவது என் தாய்மாமன், பினாங்கில் வேலையாக இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை பாட்டி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லுவார். நான் எதிரே அமர்ந்து எழுதுவேன். தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். இவ்விடம் யாவரும் நலம், அவ்விடத்து நலமறிய ஆவல் என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே எழுதி முடித்திருப்பேன். கடைசியில் பாட்டி அறியாமல் ஓர் ஓரத்தில், 'மாமா, எனக்கு ஒரு பேனா வேண்டும்' என்று என் சொந்த வரி ஒன்றையும் சேர்த்துவிடுவேன்.

ஒருமுறை மாமா ஆறு மாதம் கடிதமே போடவில்லை. பாட்டிக்குக் கோபம் மிகுந்துவிட்டது. "நலமும் வேண்டாம், கிலமும் வேண்டாம், நேரே விஷயத்தை எழுதடா" என்றார். அப்படியே எழுதினேன். மாமாவிடமிருந்து உடனே பதில் வந்தது. பாட்டி ஏசியிருந்த ஏச்சைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அம்மா நலம் விசாரிக்கவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தமெல்லாம்.

பல ஆண்டுகள் கழித்துப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது, அந்தத் திண்ணை எனக்கு நினைவுக்கு வந்தது. பவுலடியார் தம் மற்றக் கடிதங்களில் வாழ்த்துச் சொல்லி முடித்தவுடன், பெறுவோரை நினைத்து இறைவனுக்கு நன்றி கூறுவது வழக்கம். கலாத்தியர் கடிதத்தில் அந்த நன்றி இல்லை. வாழ்த்து முடிந்ததும், இவ்வளவு விரைவில் மனம் மாறிவிட்டீர்களே என்று வியப்பும் சினமுமாகத் தொடங்கிவிடுகிறார். இன்று நாம் அதை மேலோட்டமாகப் படித்துச் சென்றுவிடுகிறோம். அன்று அது கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டபோது, வழக்கமான நன்றியுரையை எதிர்பார்த்துக் காது கொடுத்திருந்தவர்களுக்கு நெஞ்சு துணுக்குற்றிருக்கும்.

இக்கடிதங்களைத் தமிழில் சிலர் நிருபங்கள் என்கிறோம். சிலர் திருமுகங்கள் என்கிறோம். இரண்டும் பெருமிதமான சொற்கள். மேலோர் கீழோருக்கு விடுக்கும் எழுத்துக்கு நிருபம் என்று பெயர் வழங்கியது. திருமுகம் என்றாலோ, ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம் நம் நினைவுக்கு வரும். மதிப்புக்குரிய சொற்கள்தாம், ஆனால் அந்த மதிப்பே ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. இவை கடிதங்கள். ஒருவர் ஓர் ஊரில் இருந்துகொண்டு, இன்னோர் ஊரில் இருந்த தெரிந்த மனிதர்களுக்கு, அன்றன்று எழுந்த சிக்கல்களைப் பற்றி எழுதியவை. தம் கடிதங்களை ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் உலகம் படிக்கும் என்று பவுலடியார் எண்ணி எழுதியதாகத் தோன்றவில்லை.

புதிய ஏற்பாட்டில் அவர் பெயரைத் தாங்கிய கடிதங்கள் 13. அவற்றுள் ஏழு அவரே எழுதியவை என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஏறத்தாழக் கருத்து வேற்றுமை இல்லை. ரோமர், கொரிந்தியருக்கு இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயருக்கு முதலாவது, பிலேமோன் என்பவை அவை. மற்றவற்றைப் பற்றி வழக்கு இன்னும் தீரவில்லை. நூலில் இக்கடிதங்கள் காலமுறைப்படி அடுக்கப்படவில்லை. பெரும்பாலும் நீளமானது முதலிலும் குறுகியது கடைசியிலுமாக வைத்திருக்கிறார்கள். ஆகையால் முதலில் நிற்கும் ரோமர் கடிதம் காலத்தால் பிந்தியவற்றுள் ஒன்று. இடையில் ஒதுங்கி நிற்கும் தெசலோனிக்கேயர் முதற்கடிதமே எல்லாவற்றிலும் பழையது என்பர் பலர்.

கடிதங்களில் தேதி இல்லை. அப்படியிருக்கக் காலத்தை எப்படி அறிந்தார்கள்? அதற்கு ஒரு கல் உதவி செய்தது. கிரேக்க நாட்டில் டெல்பி என்ற இடத்தில், கிளாடியுஸ் பேரரசர் விடுத்த கடிதம் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் உடைந்த துண்டுகளை ஒன்று சேர்த்து 1905இல் வெளியிட்டார்கள். அதில் கல்லியோன் என்பவர் அகாயா மாநிலத்தின் ஆளுநராகக் குறிக்கப்படுகிறார். இவர் தத்துவ அறிஞர் செனெக்காவின் உடன்பிறந்தவர். கொரிந்து நகரில் பவுலடியார் இந்தக் கல்லியோன் முன் நிறுத்தப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஆளுநர் பதவியோ பெரும்பாலும் ஓராண்டுதான். அரசருடைய பட்டங்களைக் கொண்டு கணக்கிட்டபோது கல்லியோனின் ஆண்டு கி.பி. 51-52 என்று அமைந்தது. அந்த ஒரு முளையை அடித்துக்கொண்டு, மற்றக் கடிதங்களை முன்னும் பின்னும் கட்டிவிட்டார்கள். ஏறத்தாழ கி.பி. 50க்கும் 60க்கும் இடைப்பட்ட காலத்தில் இவை எழுதப்பட்டன.

அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவதென்பது எப்படிப்பட்ட வேலை? நைல் ஆற்றங்கரையில் வளரும் பாப்பிரஸ் என்னும் ஒருவகைக் கோரையின் தண்டை நீளமான சீவல்களாகச் சீவி, நெடுக்காக ஒரு வரிசையும் குறுக்காக ஒரு வரிசையும் பரப்பி, அழுத்தி உலர்த்திய தாள்தான் எழுதும் பொருள். நாணற்குச்சியைக் கூராக்கிப் பேனாவாக்கினார்கள். புகைக்கரியும் பிசினும் கலந்தது மை. எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தெரிந்தவர்களும் பிறரைக் கொண்டே எழுதுவித்தார்கள். ரோமர் கடிதத்தைப் பவுலடியார் சொல்ல, தெர்தியு என்பவர் எழுதினார். இதை எப்படி அறிகிறோம்? கடிதத்தின் முடிவில் தெர்தியுவே இடையில் புகுந்து, இதை எழுதிய நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டார். ஏழாயிரம் சொற்களுக்கு மேல் எழுதிக் கை சலித்த அந்த மனிதருக்கு அந்த ஒரு வரி உரிமை இல்லையா? நான் கேட்ட பேனாவை நினைத்துக்கொள்கிறேன்.

பிறர் எழுதிய கடிதத்தின் கீழே, கடிதம் தம்முடையதுதான் என்பதற்கு அடையாளமாகச் சில வரிகளைத் தாமே எழுதுவது அன்றைய வழக்கம். பவுலடியாரும் அப்படிச் செய்தார். கலாத்தியர் கடிதத்தின் இறுதியில், எவ்வளவு பெரிய எழுத்துகளில் என் கையால் எழுதுகிறேன் பாருங்கள் என்ற பொருள்படக் கூறுகிறார். கண்பார்வை குறைந்ததால் பெரிதாக எழுதினார் என்பர் சிலர். உறுதியைக் காட்டப் பெரிதாக எழுதினார் என்பர் சிலர். தோல் தைத்தும் கூடாரம் கட்டியும் காய்ப்பேறிய கை, பழகிய எழுத்தரின் கைபோல் ஓடாது என்பது என் எண்ணம்.

கடிதம் எழுதியாகிவிட்டது, அனுப்புவது எப்படி? ரோமப் பேரரசில் அகுஸ்துஸ் ஏற்படுத்திய அஞ்சல் முறை இருந்தது. சாலை நெடுகிலும் குதிரை மாற்றும் நிலையங்கள் இருந்தன. ஆனால் அது அரசாங்கத்துக்கு மட்டுமே. பொதுமக்கள் அதைத் தொட முடியாது. செல்வர்கள் தம் அடிமைகளைத் தூதாக ஓட்டினார்கள். ஏழைகள் அந்த ஊர்ப்பக்கம் போகிறவர் யாராவது அகப்படுவாரா என்று காத்திருந்தார்கள். குளிர்காலத்தில் கடல் மூடப்பட்டதுபோலத்தான். நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பா. பவுலடியார் தாம் மூன்றுமுறை கப்பல் உடைந்து தப்பியதாகவும், ஓர் இரவும் பகலும் நடுக்கடலில் கிடந்ததாகவும் எழுதுகிறார். அவரே அவ்வளவு துன்பப்பட்டிருந்தால், அவர் கடிதங்களைச் சுமந்தவர்கள் எவ்வளவு துன்பப்பட்டிருப்பார்கள்!

அவர்களுள் ஒருவர் பெண். கொரிந்துவின் கீழைத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாள் என்பவரே ரோமர் கடிதத்தை எடுத்துச் சென்றார் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இன்னொருவர் எப்பாப்பிரோதீத்து. பவுலடியார் சிறையிலிருந்தபோது பிலிப்பி நகரத்தார் கொடுத்த பொருளை எடுத்து வந்தவர் இவர். அக்காலச் சிறைகளில் அடைபட்டவர்களுக்கு வயிறார உணவு கிடைப்பதில்லை. நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் உயிர் தரிக்கலாம். வந்த மனிதர் நோயில் விழுந்து சாகும் நிலைக்குப் போய்விட்டார். அச்செய்தி பிலிப்பிக்கு எட்டியது. தாம் நோயுற்றதை ஊரார் கேள்விப்பட்டார்களே, கவலைப்படுவார்களே என்று பிறகு அந்த நோயாளி கவலைப்பட்டார். சமயக் கோட்பாடுகளைத் தேடி இக்கடிதத்தைப் புரட்டுகிறவர்கள் இந்த வரிகளை விரைந்து கடந்துவிடுவார்கள். எனக்கோ அங்கேதான் கால் நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட எளிய செய்திகளின் அருமையை உலகம் உணர்ந்துகொண்டதற்கு எகிப்தின் குப்பைமேடுகளே காரணம். கொரிந்துவிலும் ரோமிலும் ஈரம் தாள்களை அழித்துவிட்டது. எகிப்தின் வறண்ட மணலோ எதையும் அழிக்கவில்லை. 1896-97 குளிர்காலத்தில் கிரென்பெல், ஹண்ட் என்னும் இரண்டு இளம் ஆங்கிலேய அறிஞர்கள் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து கூடை கூடையாகத் தாள்கள் வந்தன. இன்றுவரை அவற்றை 80க்கும் மேற்பட்ட தொகுதிகளில் வெளியிட்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. எகிப்தின் வேறு இடங்களிலும் இவ்வாறே கிடைத்தன. கடன் சீட்டு, வரி ரசீது, திருமண ஒப்பந்தம், விருந்து அழைப்பு என்று எல்லாம் உண்டு. நம் முசிறித் துறையோடு நடந்த வாணிகத்துக்குக் கடன் கொடுத்த ஒப்பந்தம் ஒன்றும் இவ்வகைத் தாளில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. அது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அந்தக் கடிதங்களுள் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பியோன் என்ற இளைஞன் எகிப்தின் ஒரு சிற்றூரிலிருந்து ரோமக் கடற்படையில் சேர்ந்து இத்தாலி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து தகப்பனுக்கு எழுதுகிறான். முதலில் நலம் விசாரிக்கிறான். கடலில் வந்த ஆபத்திலிருந்து தன்னைக் காத்த சேராப்பிஸ் தெய்வத்துக்கு நன்றி கூறுகிறான். வழிச் செலவுக்கு மூன்று பொன் கிடைத்ததாகச் சொல்கிறான். நல்ல கல்வி கொடுத்தீர்களே, உங்கள் கையை முத்தமிட வேண்டும் என்கிறான். தன் உருவப் படம் ஒன்றையும் அனுப்பியதாகத் தெரிவிக்கிறான். முடிவில், இனித் தன் பெயர் அந்தோனியுஸ் மாக்சிமுஸ் என்று ரோமப் பெயரைக் குறிப்பிடுகிறான். ஊரை விட்ட பிள்ளை பெயரையும் விட்டுவிட்டதைப் படித்த அந்தத் தந்தை என்ன நினைத்தாரோ!

வாழ்த்து, நலம், தெய்வத்துக்கு நன்றி, செய்தி, பலருக்கு வணக்கம், விடை. அப்பியோன் கடிதத்தின் கட்டுக்கோப்பும் பவுலடியார் கடிதத்தின் கட்டுக்கோப்பும் ஒன்றே. சொற்களும் ஒன்றே என்று காட்டியவர் ஜெர்மன் அறிஞர் டைஸ்மன். அவருக்கு முன்னே, புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் வேறெங்கும் காணாத ஒரு தனிமொழி என்று கற்றோர் சிலர் எண்ணியிருந்தார்கள். 1908இல் வெளியிட்ட தம் நூலில் டைஸ்மன், அது சந்தையிலும் கப்பலிலும் வழங்கிய அன்றாட மொழியே என்பதைக் குப்பைமேட்டுத் தாள்களைக் கொண்டு விளக்கினார். இறைவன் அளிக்கும் ஆவியைப் பவுலடியார் ஒரு சொல்லால் குறிக்கிறார். அதே சொல் பாப்பிரஸ் தாள்களில் விலை பேசி முன்பணம் கொடுக்கும் இடத்தில் வருகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே அச்சாரம் என்று போட்டிருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் காதில் விழும் சொல்! அவர்கள் துணிவைப் பாராட்ட வேண்டும். பிலிப்பியருக்கு நன்றி கூறும்போதும் அவர் ரசீதில் எழுதும் சொல்லையே ஆளுகிறார். கைக்கு வந்து சேர்ந்தது, கணக்குத் தீர்ந்தது என்பது அதன் பொருள்.

கொரிந்து நகரத்தாரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தே எல்லாவற்றிலும் சுவையானது, துன்பமானதும்கூட. கி.மு. 146இல் ரோமர்கள் கொரிந்துவை அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியுஸ் சீசர் அதை மீண்டும் குடியேற்றினார். இரண்டு கடல்களுக்கு நடுவே இரண்டு துறைமுகங்களோடு அமைந்த ஊர். விடுதலை பெற்ற அடிமைகளும் பிழைக்க வந்தவர்களும் நிறைந்தது. பழங்குடிப் பெருமை பேசுவார் அதிகம் இல்லை. ஆகவே புதுப்பணத்தின் பெருமை மிகுதி. அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் பவுலடியாருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதம் நம்மிடம் இல்லை. நாம் முதற்கடிதம் என்று கூறுவதற்கு முன்பே அவர் ஒன்று எழுதியிருந்தார், அதுவும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்பவர்போல நாம் இருக்கிறோம்.

இறைச்சி தின்னலாமா கூடாதா என்பது ஒரு கேள்வி. இது என்ன கேள்வி என்று தோன்றும். அவ்வூரில் கோயில்களில் பலியிட்ட விலங்கின் இறைச்சி கடைத்தெருவுக்கும் விற்பனைக்கு வரும். செல்வர் வீட்டு விருந்தும் சங்கங்களின் விருந்தும் கோயிலை ஒட்டிய கூடங்களில் நடக்கும். அங்கே போக மறுத்தால் உறவும் தொழிலும் கெடும். போனால் பழைய தெய்வங்களை விட்டு வந்தவனின் மனம் கலங்கும். ஏழைக்கு இறைச்சி கிடைப்பதே திருவிழா நாளில்தான். ஆகையால் அவனுக்கு இறைச்சியின் மணமே பழைய வழிபாட்டின் மணம். பவுலடியார் கொள்கையளவில் வசதி படைத்தவர்களோடு ஒத்துப் போகிறார். தின்பதில் ஒன்றும் இல்லை என்கிறார். நடைமுறையில் ஏழையின் பக்கம் வந்து நிற்கிறார். அவன் மனம் உடையுமானால் தாம் இறைச்சியே தொடுவதில்லை என்கிறார்.

விருந்திலும் சிக்கல். எல்லோரும் கூடி உண்ணும் திருவிருந்தில் சிலர் முந்தி உண்டு குடித்து மயங்க, சிலர் பசியோடு நின்றார்கள். இது கொரிந்து மக்களின் தனிக் கொடுமை அன்று. ரோமச் செல்வர் வீட்டு உணவறையில் ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம், மற்றவர்களுக்கு முற்றம்தான். ஒரே விருந்தில் விருந்தினரின் தகுதிக்கேற்ப உணவைத் தரம் பிரித்தும் மதுவை மூன்று தரமாக்கியும் பரிமாறிய ஒருவரைப் பற்றி இளைய பிளினி அருவருப்போடு எழுதியிருக்கிறார். பந்தி வேறுபாட்டை அறியாதவர்களா நாம்? அந்தப் பகுதியைப் படிக்கும்போது, தலைமாட்டு இலைக்கு நெய் வழிய, கடைசி இலைக்கு ரசம் மட்டும் எட்டிய விருந்துகள் என் கண்முன் வந்து போகின்றன.

இனி, இவ்வுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் இடத்துக்கு வருகிறேன். ஏழு கடிதங்களுள் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. கிரேக்கத்தில் 335 சொற்கள். ஒரே தாளில் அடங்கிவிடும். அளவில் இது ஒன்றுதான் அப்பியோன் எழுதியதைப் போன்ற கடிதம்.

பிலேமோன் ஓரளவு செல்வர். அவர் வீட்டில் சபை கூடும். அவருக்கு ஒநேசிமு என்று ஓர் அடிமை. கிரேக்கத்தில் அப்பெயருக்குப் பயனுள்ளவன் என்று பொருள். அடிமைகளுக்குச் சூட்டும் சாதாரணப் பெயர் அது. மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல. அந்த ஒநேசிமு எப்படியோ சிறையிலிருந்த பவுலடியாரிடம் வந்து சேர்ந்தான். ஓடி வந்தான் என்பது நெடுங்காலக் கருத்து. ஆனால் முதல் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிரோகுலுஸ், எசமானின் நண்பரிடம் போய் எனக்காகப் பரிந்து பேசுங்கள் என்று கேட்கும் அடிமை ஓடிப்போனவன் ஆகமாட்டான் என்று கூறியிருக்கிறார். ஒநேசிமு இந்த வகையைச் சேர்ந்தவன் என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் சிலர் எண்ணுகின்றனர்.

எவ்வாறாயினும் அவன் அஞ்சியிருப்பான். எகிப்தில் கிடைத்த பழைய விளம்பரத் தாள் ஒன்று, ஏறத்தாழப் பதினெட்டு வயதான ஓர் அடிமை ஓடிப்போனதை அறிவிக்கிறது. அவன் மணிக்கட்டில் குத்தப்பட்ட பச்சை முதல் அடையாளங்கள் எல்லாம் சொல்லி, பிடித்துத் தருவோருக்கு இவ்வளவு, கோயிலில் தஞ்சம் புகுந்திருப்பதைக் காட்டுவோருக்கு இவ்வளவு என்று பரிசு குறித்திருக்கிறது. பிடிபட்டவர்களுக்குச் சூடும் விலங்கும் காத்திருந்தன. அந்த உலகத்தில் உயிரின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு இன்னொரு தாளையும் சொல்லலாம். கி.மு. 1ஆம் ஆண்டில் இலாரியோன் என்ற தொழிலாளி கருவுற்ற மனைவிக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து எழுதுகிறான். அன்பான கடிதம்தான். கவலைப்படாதே, கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்கிறான். அதே மூச்சில், ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் எறிந்துவிடு என்கிறான். அவன் கொடியவன் அல்லன். அவன் காலத்து மனிதன்.

இந்த உலகத்துக்குள்ளே இருந்துகொண்டுதான் பவுலடியார் எழுதுகிறார். கட்டளையிட எனக்கு உரிமை உண்டு. ஆனால் இடவில்லை, வேண்டுகிறேன் என்கிறார். நான் கிழவன், சிறையாளி என்கிறார். ஒநேசிமுவைச் சிறையில் பெற்ற பிள்ளை என்கிறார். முன்னே உமக்குப் பயனற்றவன், இப்போது இருவருக்கும் பயனுள்ளவன் என்று அவன் பெயரை வைத்துச் சிலேடை ஆடுகிறார். இனி அவனை அடிமையாக அன்று, அன்புள்ள சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதும் என்கிறார். அதுவும் கடைக்காரர் சொல்தான். உடனே பேனாவைத் தம் கையில் வாங்கி, நான் செலுத்துகிறேன் என்று கையெழுத்தும் போடுகிறார். அடுத்த வரியிலேயே, நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர், அதை நான் சொல்லவில்லை என்று சொல்லியும்விடுகிறார்! மேலும், இக்கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை. அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. எல்லோர் முன்னும் உரக்கப் படிக்க, எல்லோர் கண்ணும் பிலேமோன் முகத்தைப் பார்த்திருக்கும்.

இவ்வளவு சொன்னவர், அவனை விடுதலை செய் என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்வதற்கு மேலாகவும் நீர் செய்வீர் என்று அறிவேன் என்று நிறுத்திக்கொள்கிறார். அது விடுதலைதான் என்று உரையாசிரியர் பலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லுக்கு உலகம் பெரிய விலை கொடுத்தது. 1850இல் அமெரிக்காவில் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சட்டம் வந்தபோது, பவுலே ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பினார் என்று அதற்குச் சான்று காட்டினார்கள். அடிமை முறையை எதிர்த்தவர்களோ, அடிமையாக அன்று என்ற பகுதியை எடுத்துக் காட்டினார்கள். இரு தரப்புக்கும் அதே 335 சொற்கள்!

அதற்கு முன்னே, 1830களில், ஜார்ஜியாவில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்னும் போதகர் அடிமைகள் கூட்டத்தில் இக்கடிதத்தை வைத்துப் பேசினார். பணிவே கடமை, ஓடிப்போவது தவறு என்று பவுலின் பெயரால் உரைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இருந்தவர்களில் சிலர், அப்படி ஒரு கடிதமே வேதத்தில் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்களாம். இதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் அந்தப் போதகரே. அம்மக்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தங்களைப் போன்ற ஒருவனைப் பற்றிய கடிதத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பவுலடியாரை நான் குறை கூற வரவில்லை. அடிமை முறையே இல்லாத உலகம் ஒன்றைக் கனவிலும் கண்டவர்கள் அக்காலத்தில் மிக அரியர். அதே நூற்றாண்டில் பிறந்த பிளினியும் கோபக்கார நண்பர் ஒருவருக்கு, மன்னிப்புக் கேட்டு வந்த அவருடைய முன்னாள் அடிமைக்காகப் பரிந்து ஓர் அழகிய கடிதம் எழுதினார். அதில் கருணை உண்டு. சகோதரன் என்ற சொல் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் பவுலடியார் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது புரியும். இன்னும் ஓர் அடி நடந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தன் பெயரால் வந்த கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு, எசமான் வீட்டு வாசலில் நின்ற ஒநேசிமுவுக்கு அந்த ஏக்கம் இருந்திராதா?

பிளினியின் வேண்டுகோளை நண்பர் ஏற்றுக்கொண்டார் என்பது நமக்குத் தெரியும். அதற்கு நன்றி கூறிப் பிளினி எழுதிய இரண்டாம் கடிதம் கிடைத்திருக்கிறது. பிலேமோன் எழுதிய பதில் கிடைக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் எபேசு நகரில் ஒநேசிமு என்று ஓர் ஆயர் இருந்தார் என்பது அந்தியோக்கியா இக்னாசியாரின் கடிதத்தால் தெரிகிறது. அவரே இவர் என்று நம்ப ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பெயரோ அடிமைகளிடையே எங்கும் வழங்கிய பெயர்.

பவுலடியார் கையால் எழுதிய தாள் ஒன்றும் இன்று இல்லை. நமக்குக் கிடைத்த பெரிய பழைய பிரதி ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்தது. எகிப்தில் கிடைத்த அந்தப் பாப்பிரஸ் சுவடியின் 86 ஏடுகளில் 56 டப்ளினிலும் 30 அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்த ஏடுகளில் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் இல்லை.

ஆனால் பிற பிரதிகள் வழியாக அது நம் கைக்கு வந்திருக்கிறது. அதன் முடிவில், வாழ்த்துகளுக்குச் சற்று முன்னே, மறதியாகச் சேர்த்ததுபோல ஒரு சிறு வேண்டுகோள் இருக்கிறது. நான் விடுதலையாகி விரைவில் வருவேன் என்று நம்புகிறேன். எனக்குத் தங்க ஓர் அறையை ஆயத்தம் செய்து வையும் என்பது அதன் கருத்து. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, அந்த வீட்டில் அறையைப் பெருக்கிப் பாய் விரிக்கச் சொல்லி யாரை அனுப்பினார்களோ! ஒநேசிமுவைத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவது உண்டு.